கவுண்டி அலுவலகத்தில் சைல்ட் சப்போர்ட் வேலை: புதிதாகச் சேர்பவருக்கு

ஊரில் ஜீவனாம்ச வழக்கு என்றால் பெரும்பாலும் ஒரே கதைதான். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மா கோர்ட்டுக்கு அலைவாள். வாய்தா மேல் வாய்தா. ஆர்டர் வந்த பிறகும் பணம் கைக்கு வர இன்னொரு மனு போட வேண்டும். முன்பு 125-ஆவது பிரிவு என்றார்கள், 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் அது 144. எண் மாறியது, அலைவது அவளேதான்.

அமெரிக்காவில் பிள்ளை பராமரிப்புத் தொகையைச் சைல்ட் சப்போர்ட் என்பார்கள். அங்கே அந்த அலைச்சலின் பெரும்பகுதியை ஓர் அரசு அலுவலகம் தன் தோளில் போட்டுக்கொள்கிறது. பிள்ளையின் அப்பா எங்கே என்று தேடுவது, அவர்தான் அப்பா என்று நிறுவுவது, மாதம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுக் கோர்ட்டில் ஆர்டர் வாங்குவது, சம்பளத்திலிருந்து பிடித்து வாங்கி அனுப்புவது எல்லாம் அதன் பொறுப்பு. அம்மா பணம் கட்ட வேண்டிய கேஸும் நிறைய உண்டு, விதிகள் இருவருக்கும் ஒன்றுதான். 1975 ஜனவரியில் ஜெரால்டு ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டத்தில் இந்த ஏற்பாடு தொடங்கியது. செலவில் 66 சதவீதத்தை மத்திய அரசு தருகிறது. கலிபோர்னியாவில் விதிகளை மாநிலம் வகுக்கிறது, மக்களோடு நேராகப் பேசிக் கேஸை நடத்துவது கவுண்டி, நம் ஊர் மாவட்டம் போன்ற அமைப்பு. அந்தக் கவுண்டி அலுவலகத்தில் கேஸைக் கையில் வைத்திருப்பவரைத்தான் கேஸ்வொர்க்கர் என்கிறோம். வேலை விளம்பரத்தில் சைல்ட் சப்போர்ட் ஸ்பெஷலிஸ்ட், ஆபீசர் என்று பெயர் மாறி வரும்.

நான் கலிபோர்னியாவில் ஒரு கவுண்டியில் இந்த வேலையில் இருக்கிறேன். இங்குள்ள தமிழ்ப் பெண்கள், அதுவும் வேலை செய்யும் அனுமதி வந்த கையோடு எங்கே தொடங்குவது என்று யோசிப்பவர்கள், இதைப் பற்றி அடிக்கடி என்னிடம் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வேறு மாநிலத்தில் இருந்தால் அடிப்படை ஒன்றாக இருக்கும், எண்களும் படிவங்களும் மாறும்.

வேலைக்குள் நுழைவது

கவுண்டி வேலைக்கு ரெஸ்யூமேயை மட்டும் அனுப்பினால் போதாது. கவுண்டியின் வேலைவாய்ப்புத் தளத்தில் முழு விண்ணப்பம் நிரப்ப வேண்டும். அதோடு சில துணைக் கேள்விகள் வரும். "கோபமாக இருந்த ஒரு வாடிக்கையாளரை எப்படிக் கையாண்டீர்கள்?" என்பது போன்றவை. பலர் அதில் இரண்டு வரி எழுதிவிட்டு விடுகிறார்கள். அந்தப் பதில்களுக்குத்தான் மதிப்பெண் போடுவார்கள் என்று நினைத்து எழுதுங்கள். எங்கே, என்ன நடந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள், எப்படி முடிந்தது என்று ஒரு பத்தி முழுதாக வேண்டும்.

அடுத்து எழுத்துத் தேர்வு, தகுதிப் பட்டியல், நேர்முகம். பட்டியலில் பெயர் வந்து மாதக்கணக்கில் காத்திருப்பது சகஜம், மனம் தளர வேண்டாம். கல்வித் தகுதி கவுண்டிக்குக் கவுண்டி வேறுபடும். பல இடங்களில் பட்டம் இல்லாவிட்டாலும் பொதுமக்களோடு பேசும் அலுவலக அனுபவத்தை ஏற்றுக்கொள்வார்கள். ஊரில் வங்கியிலோ காப்பீட்டு அலுவலகத்திலோ பள்ளி அலுவலகத்திலோ வேலை பார்த்திருந்தால் அதை விட்டுவிடாமல் எழுதுங்கள். இந்தியப் பட்டமாக இருந்தால் அதற்கு இணைச் சான்று முன்கூட்டியே வாங்கி வையுங்கள். கைரேகை எடுத்துப் பின்னணி பார்ப்பார்கள், ஏனென்றால் உள்ளே போனதும் மக்களின் வருமான வரித் தகவல் வரை உங்கள் கண்ணில் படும். சேர்ந்த பிறகு தகுதிகாண் காலம் உண்டு.

நீங்கள் யாருடைய ஆள்?

முதல் வாரத்திலேயே மனதில் ஏற வேண்டியது இது. நீங்கள் அம்மாவின் ஆள் இல்லை, அப்பாவின் ஆளும் இல்லை. எங்கள் வழக்கறிஞர்கள் கோர்ட்டில் நிற்பது பொதுநலன் சார்பில், இரு பெற்றோரில் யாருக்கும் அவர்கள் வக்கீல் ஆக மாட்டார்கள். சட்டமே அப்படிச் சொல்கிறது. போனில் அம்மா, "நீங்கதானே என் வக்கீல்?" என்று கேட்பார். அந்த நிமிடமே, பணிவாக, இல்லை என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் அவர் உங்களிடம் சொல்லக் கூடாததையும் சொல்வார், நம்பக் கூடாததையும் நம்புவார்.

சட்ட ஆலோசனையும் நீங்கள் தர முடியாது. "நான் மனுப் போட்டா ஜெயிப்பேனா?" என்றால் பதில் சொல்லக் கூடாது. அதே நேரம் அவரை வெறுங்கையோடு அனுப்பவும் கூடாது. ஒவ்வொரு கவுண்டிக் கோர்ட்டிலும் ஃபேமிலி லா ஃபெசிலிடேட்டர் என்று ஒருவர் இருக்கிறார். இரு தரப்புக்கும் இலவசமாகப் படிவம் நிரப்ப உதவுவார். அவர் அறை எந்த மாடியில், எத்தனை மணிக்குத் திறக்கும் என்பதை நீங்கள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்.

கேஸ் திறப்பது

கேஸ் இரண்டு வழியில் வரும். ஒன்று, பெற்றோரில் ஒருவர் தாமாக விண்ணப்பிப்பது. இங்கே அதற்குக் கட்டணம் கிடையாது. இன்னொன்று, பிள்ளையை வைத்திருப்பவர் கால்வொர்க்ஸ் என்ற அரசுப் பண உதவி வாங்கும்போது அங்கிருந்து தானாகவே எங்களுக்கு வந்துவிடும். இரண்டாவது வகையில் வருபவர் எங்களைத் தேடி வந்தவர் இல்லை என்பதை மறக்காதீர்கள். உதவிப் பணம் வாங்கும் காலத்தில் வரும் சப்போர்ட் தொகையின் மீதான உரிமை அரசுக்குப் போய்விடும். 2022-இலிருந்து மாதம் ஒரு பிள்ளைக்கு 100 டாலர் வரை, இரண்டு அல்லது அதற்கு மேல் என்றால் 200 டாலர் வரை குடும்பத்துக்கே கொடுக்கிறார்கள். மீதி எங்கே போகிறது என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள்.

விண்ணப்பம் வந்த 20 நாளுக்குள் கேஸ் திறந்தாக வேண்டும் என்பது மத்திய விதி. ஆளைத் தேட 75 நாள், ஆள் கிடைத்தபின் சம்மனைக் கையில் சேர்க்க அல்லது ஆர்டர் வாங்க 90 நாள். இந்த மூன்று எண்களையும் மேஜை ஓரத்தில் எழுதி ஒட்டி வையுங்கள்.

முதல் பேச்சில் கேட்க வேண்டிய கேள்விகளில் எல்லாவற்றையும் விட முக்கியமானது பாதுகாப்பைப் பற்றியது. "அவரிடமிருந்து பணம் கேட்டால் உங்களுக்கோ பிள்ளைக்கோ ஆபத்து வருமா?" இதைப் படிவத்தின் பதினேழாவது கேள்வி போல ஓட்டிவிடாதீர்கள். கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள். ஆபத்து இருந்தால் கேஸில் குடும்ப வன்முறைக் குறி போட வேண்டும், அவருடைய முகவரி எந்தக் காகிதத்திலும் மறுபக்கத்துக்குப் போகாது. கால்வொர்க்ஸ் வாங்குபவர் என்றால், தகுந்த காரணம் காட்டி எங்களோடு ஒத்துழைக்காமல் இருக்கவும் அவருக்கு உரிமை உண்டு. இதைச் சொல்லாமல் விடுவது நம்மால் நேரும் பெரிய தவறு.

ஆளைத் தேடுவது கம்ப்யூட்டர் செய்யும் வேலை. 1996-இல் வந்த சட்டத்தின்படி புதிதாக ஒருவரை வேலைக்குச் சேர்த்தால் முதலாளி 20 நாளுக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். அது தேசியப் பதிவேட்டில் ஏறும், அங்கிருந்து நம் திரைக்கு வரும். தந்தைமையும் அவ்வளவு சிக்கல் இல்லை. ஆஸ்பத்திரியிலேயே இருவரும் கையெழுத்திட்ட உறுதிமொழி இருந்தால் அதுவே கோர்ட் தீர்ப்புக்குச் சமம், கையெழுத்தை வாபஸ் வாங்க 60 நாள். சந்தேகம் என்றால் கன்னத்தின் உட்புறம் பஞ்சால் தடவி மரபணுச் சோதனை, 99 சதவீதம் வந்தால் தந்தை. சோதனை வேண்டும் என்று ஒருவர் கேட்டால் அதைக் குற்றமாக நினைக்காதீர்கள். பின்னால் வருத்தப்படுவதை விட முன்னால் கேட்பது பிள்ளைக்கும் நல்லது.

தொகை எப்படி வருகிறது

இங்கேதான் நிதானமாகப் படிக்க வேண்டும். மாதத் தொகையை ஜட்ஜ் மனம்போல் போடுவதில்லை. சட்டத்தில் சூத்திரம் இருக்கிறது. மென்பொருள் கணக்குப் போட்டுவிடும், ஆனாலும் கையால் போடத் தெரியாதவர் போனில் யாருக்கும் விளக்க முடியாது.

சூத்திரத்தைச் சொற்களில் சொல்கிறேன். அதிகம் சம்பாதிப்பவரின் மாத நிகர வருமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இருவரின் நிகர வருமானத்தையும் கூட்டி, அதிகம் சம்பாதிப்பவரோடு பிள்ளை இருக்கும் நேரத்தின் சதவீதத்தால் பெருக்குங்கள். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழியுங்கள். மிச்சத்தை ஒரு பின்னத்தால் பெருக்கினால் தொகை. அந்தப் பின்னம் இருவரின் நிகர வருமானத்தின் கூட்டுத்தொகையைப் பொறுத்தது. 5,001 முதல் 10,000 டாலர் வரை என்றால் 0.25. பிள்ளை இவரோடு இருக்கும் நேரம் பாதிக்கு மேல் போகாவிட்டால், அந்தச் சதவீதத்தோடு ஒன்றைக் கூட்டி 0.25-ஐப் பெருக்க வேண்டும்.

அப்பாவுக்கு நிகரம் 5,000, அம்மாவுக்கு 3,000, ஒரே பிள்ளை என்று வைப்போம். பிள்ளை அப்பாவோடு 20 சதவீத நேரம், அதாவது ஆண்டுக்கு 73 நாள். 8,000-இல் 20 சதவீதம் 1,600. 5,000-இல் அதைக் கழித்தால் 3,400. பின்னம் 1.2 பெருக்கல் 0.25, அதாவது 0.30. தொகை 1,020 டாலர்.

இப்போது நேரத்தை மட்டும் 30 சதவீதம் ஆக்குங்கள். 8,000-இல் 30 சதவீதம் 2,400. மிச்சம் 2,600. பின்னம் 0.325. தொகை 845. வருமானம் ஒரு டாலர்கூட மாறவில்லை. முப்பத்தேழு இரவுகள் கூடியதில் மாதம் 175 டாலர் குறைந்துவிட்டது. "வாரக்கடைசியில என்கிட்டதான் இருப்பான்" என்று ஒருவர் பேச்சோடு பேச்சாகச் சொல்வதை ஏன் காலண்டர் வைத்து எண்ண வேண்டும் என்பது இப்போது புரிகிறதா? பள்ளி விடுமுறை, கோடை, தாத்தா பாட்டி வீடு எல்லாவற்றையும் கேளுங்கள். இருவரும் சொல்வது ஒத்துப்போகாவிட்டால் இரண்டையும் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள், எது உண்மை என்று தீர்ப்பது உங்கள் வேலை இல்லை. இரண்டு பிள்ளைகள் என்றால் தொகையை 1.6-ஆல் பெருக்க வேண்டும், மூன்று என்றால் 2-ஆல். மூன்று பிள்ளைக்கு மூன்று மடங்கு என்று நினைத்து வருபவர்களுக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நிகரம் என்றால் சம்பளக் காகிதத்தின் கடைசி வரி இல்லை. வரிகள், வேலைக்காகக் கட்டாயமாகப் பிடிக்கும் ஓய்வூதியம், யூனியன் சந்தா, மருத்துவக் காப்பீடு ஆகியவற்றைக் கழிக்கலாம். தாமாகச் சேர்க்கும் 401கே என்ற ஓய்வுக்காலச் சேமிப்பைக் கழிக்க முடியாது. சம்பளத்தில் பாதியை அதில் போட்டுவிட்டு, கையில் வருவதே இவ்வளவுதான் என்று காட்டும் மென்பொருள் ஊழியர்களை நம்மவர்களிலேயே பார்த்திருக்கிறேன்.

2024 செப்டம்பர் 1 முதல் சூத்திரத்தின் பின்னங்களும் குறைந்த வருமானக்காரருக்கான சலுகையும் மாறிவிட்டன. கட்ட வேண்டியவரின் நிகர வருமானம், குறைந்தபட்சக் கூலியில் வாரம் 40 மணி நேரம் உழைத்தால் வரும் மொத்தத் தொகைக்குக் கீழே இருந்தால் சலுகை கிடைக்கும். 2025-இன் 16.50 டாலர் கூலிக்கு அது மாதம் 2,860. டேகேர் செலவு சூத்திரத்துக்கு வெளியே தனியாகச் சேரும், இப்போது அதை வருமான விகிதப்படிப் பிரிக்கிறார்கள். பழைய ஆர்டர்களைப் படிக்கும்போது பாதிக்குப் பாதி என்று இருக்கும், குழம்ப வேண்டாம்.

சம்மனுக்கு முன்னால் ஒரு போன்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். சம்மனும் புகாரும் ஆளின் கையில் சேர்ந்தால், பதில் போட அவருக்கு 30 நாள். அந்தக் காகிதக் கட்டிலேயே உத்தேசத் தீர்ப்பும் தொகையும் இருக்கும். அவர் பதில் போடாவிட்டால், அந்த உத்தேசத் தொகையே ஆர்டர் ஆகிவிடும். பலர் பதில் போடுவதில்லை. அலட்சியத்தால் மட்டும் இல்லை. கோர்ட் முத்திரையைப் பார்த்ததும் பயந்து, உறையைப் பிரிக்காமல் டிராயரில் போட்டுவிடுவார்கள். அப்படிப் பிறக்கும் ஆர்டர் அவருடைய உண்மையான வருமானத்தோடு ஒட்டாது. ஒட்டாத ஆர்டருக்குப் பணம் வராது. வராத பணம் நிலுவையாகும். கலிபோர்னியாவில் நிலுவைக்கு ஆண்டு வட்டி 10 சதவீதம். மாதம் 500 கட்டாமல் ஒரு வருடம் போனால் 6,000 நிலுவை. அடுத்த வருடம் அதற்கு மட்டும் 600 வட்டி.

நான் சேர்ந்த புதிதில், வேகமாக முடித்த கேஸ்களின் எண்ணிக்கையில்தான் என் கண் இருந்தது. பதில் வராத ஒரு கேஸை அப்படியே தீர்ப்புக்கு அனுப்பினேன். விதிப்படி எல்லாம் சரி. இரண்டு வருடம் கழித்து அதே கேஸ் நிலுவையோடு என் மேஜைக்கு வந்தபோது பணம் கட்ட வேண்டியவரைக் கூப்பிட்டேன். நாங்கள் வைத்திருந்த வருமானம் அவர் எப்போதோ விட்டுவிட்ட வேலையினுடையது. முதலிலேயே ஒரு போன் செய்திருந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். அந்த இரண்டு வருடமும் பிள்ளைக்கு ஒரு டாலர்கூடப் போகவில்லை.

அதனால், சம்மன் போவதற்கு முன்னால் ஒருமுறை, போன பின்னால் இரண்டு முறையாவது கூப்பிடுங்கள். வேலை நேரத்தில் எடுக்காதவர் மாலை ஐந்தரைக்கு எடுப்பார். குறுஞ்செய்திக்கு அலுவலகம் அனுமதித்தால் அதையும் பயன்படுத்துங்கள். நான் பேசுவது ஏறத்தாழ இப்படி இருக்கும்: "நான் கவுண்டியிலிருந்து பேசுறேன். உங்க பிள்ளைக்கான தொகையைக் கணக்குப் போடப் போறோம். சரியான தொகை வரணும்னா உங்க சம்பள விவரம் வேணும். கடைசி மூணு மாச பே ஸ்டப் இருக்கா?" முதல் வாக்கியத்தில் கோர்ட் என்ற சொல் வராது. பின்னால் அதையும் தெளிவாகச் சொல்லிவிடுவேன்: 30 நாள் கெடு, பதில் படிவம், ஃபெசிலிடேட்டர் அறை.

இருவரும் ஒப்புக்கொண்டால் ஸ்டிபுலேஷன் என்ற சம்மதப் பத்திரம் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடலாம். அதிலும் சூத்திரக் கணக்கைக் காட்டித்தான் பேச வேண்டும். என் அனுபவத்தில், இருவரும் உட்கார்ந்து பேசிக் கையெழுத்திட்ட ஆர்டர்களில் பணம் ஒழுங்காக வருகிறது.

பணம் வாங்குவது

ஆர்டர் வந்தால் முதல் வேலை, முதலாளிக்குச் சம்பளப் பிடித்தக் கடிதம் அனுப்புவது. நாட்டில் வசூலாகும் பணத்தில் பெரும்பகுதி இந்த வழியில்தான் வருகிறது. புது வேலைத் தகவல் திரையில் வந்தால் இரண்டு வேலை நாளுக்குள் கடிதம் போக வேண்டும். எவ்வளவு பிடிக்கலாம் என்பதற்கு மத்திய உச்சவரம்பு உண்டு: வேறொரு குடும்பத்தையும் காப்பாற்றுபவர் என்றால் 50 சதவீதம், இல்லாவிட்டால் 60, பன்னிரண்டு வாரத்துக்கு மேல் நிலுவை இருந்தால் இன்னும் 5. பணம் மாநிலப் பட்டுவாடா மையத்துக்குப் போய் அங்கிருந்து இரண்டு வேலை நாளில் வெளியேறும்.

ஆர்டர் வந்த அன்றே இரு பெற்றோருக்கும் இதைச் சொல்லுங்கள்: இனிமேல் கையில் கொடுக்கும் பணம் கணக்கில் ஏறாது. "நான் ஷூ வாங்கிக் கொடுத்தேன், வாடகைக்கு உதவினேன்" என்று பின்னால் வந்து நிற்பவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் பதிவேட்டில் அது இல்லை. சம்பளப் பிடித்தம் தொடங்க ஒன்றிரண்டு மாதம் ஆகும், அதுவரை அவரே ஆன்லைனில் கட்ட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த இரண்டு மாத இடைவெளியில்தான் பல பேருக்கு முதல் நிலுவை விழுகிறது.

மற்ற கருவிகள் பெரும்பாலும் தானாக ஓடும். நிலுவை 2,500 டாலரைத் தாண்டினால் பாஸ்போர்ட் கிடைக்காது. அரசு உதவி வாங்காத குடும்பத்துக்கு 500, வாங்கும் குடும்பத்துக்கு 150 டாலர் நிலுவை சேர்ந்தால் வருமான வரித் திருப்பித் தொகை இங்கே திரும்பும். டிரைவிங் லைசென்ஸ் விஷயத்தில் கலிபோர்னியா 2025-இலிருந்து மாறிவிட்டது. குடும்ப வருமானம் அந்தக் கவுண்டியின் நடுநிலை வருமானத்தில் 70 சதவீதத்துக்குள் இருந்தால் லைசென்ஸை நிறுத்த முடியாது. எனக்கு இது மிகவும் சரியாகப் படுகிறது. காரில்லாமல் வேலைக்குப் போக முடியாத ஊரில் லைசென்ஸைப் பிடுங்கிவிட்டுப் பணம் கேட்பதில் அர்த்தமில்லை.

கோர்ட் அவமதிப்பு கடைசிக் கட்டம், அதை முடிவு செய்வது வழக்கறிஞர்கள். 2011-இல் டர்னர் எதிர் ரோஜர்ஸ் வழக்கில், கட்டும் சக்தி உண்டா என்று முறையாகப் பார்க்காமல் ஒருவரைச் சிறையில் தள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2016 டிசம்பரில் வந்த மத்திய விதிகளும் ஆளின் உண்மையான சக்தியைப் பார்த்தே தொகை போட வேண்டும் என்கின்றன. அந்தச் சக்தி இருந்ததா என்ற கேள்வி வரும்போது உங்கள் கேஸ் குறிப்பும் தேவைப்படும்.

பணம் நின்றால்

ஒழுங்காக வந்த பணம் திடீரென்று நின்றால், அன்றே கூப்பிடுங்கள். மாதக் கடைசியில் வரும் பட்டியலுக்காகக் காத்திருக்காதீர்கள். நின்றதற்குக் காரணம் பெரும்பாலும் வேலை போனது, உடம்பு சரியில்லாதது, சிறை, இல்லாவிட்டால் வேறு வேலை.

இந்த அவசரத்துக்குக் காரணம் 1986-இல் வந்த பிராட்லி திருத்தம். ஒரு மாதத் தொகை கெடுத் தேதியைத் தாண்டிவிட்டால் அது முடிந்த கடன். எந்த ஜட்ஜும் பின்தேதியிட்டுக் குறைக்க முடியாது. மாற்று மனு போட்ட தேதியிலிருந்துதான் குறைக்கலாம். ஜனவரியில் வேலை போனவர் செப்டம்பரில் வந்து சொன்னால், அந்த எட்டு மாதமும் பழைய தொகைதான், வட்டியோடு. எத்தனை நியாயமான காரணம் இருந்தாலும் சரி. ஆகவே, வேலை போனது என்று ஒருவர் சொன்ன நிமிடத்திலேயே மறுபரிசீலனைப் படிவத்தை அனுப்புங்கள். புதுக் கணக்கில் தொகை 20 சதவீதமோ 50 டாலரோ, இரண்டில் எது குறைவோ அந்த அளவு மாறினால் நாங்களே கோர்ட்டுக்குக் கொண்டுபோவோம். அவருக்குச் செலவில்லை. தொடர்ந்து 90 நாளுக்கு மேல் சிறையில் இருப்பவருக்குக் கட்டும் சக்தி இல்லாவிட்டால் சட்டப்படியே தொகை நின்றுவிடும். அதைக் கணக்கில் சரிசெய்ய நீங்கள் கவனிக்க வேண்டும், கவனிக்காவிட்டால் திரையில் நிலுவை ஏறிக்கொண்டே போகும்.

பிள்ளையை வைத்திருப்பவருக்கு இது கசக்கும். "அவனுக்கு ஏன் குறைக்கிறீங்க?" என்று கேட்பார். அவர் கோபம் நியாயம். வீட்டில் பால் வாங்க வேண்டியது அவர்தான். நான் அவரிடம் இதைத்தான் சொல்வது: காகிதத்தில் இருக்கும் 900-ஐ விட மாதாமாதம் கைக்கு வரும் 350 பிள்ளைக்கு உதவும், பணம் கட்டுபவர் வேலைக்குப் போன மறுநாள் தொகையை ஏற்ற நாங்களே மனுப் போடுவோம். சொன்னால் போதாது. நாட்குறிப்பில் மூன்று மாதம் தள்ளி நினைவூட்டல் போட்டு, உண்மையிலேயே திரும்பிப் பாருங்கள்.

போனும் குறிப்பும் ரகசியமும்

ஒரு நாளில் பாதி போனிலேயே போகும். கத்துபவர்களை முதல் ஒரு நிமிடம் குறுக்கிடாமல் விடுங்கள். பிறகு அவர் சொன்னதில் ஓர் உண்மையைத் திருப்பிச் சொல்லுங்கள்: "மார்ச்சிலிருந்து பணம் வரலைன்னு சொல்றீங்க, பார்க்கிறேன்." குரல் தானாகவே இறங்கும். செய்ய முடியாததைச் செய்கிறேன் என்று சொல்லிவிடாதீர்கள். "வெள்ளிக்கிழமைக்குள் சொல்கிறேன்" என்றால், விடை கிடைக்காவிட்டாலும் வெள்ளிக்கிழமை கூப்பிட்டு, இன்னும் கிடைக்கவில்லை என்று சொல்ல வேண்டும்.

குறிப்பு எழுதும்போது தேதி, யார், என்ன சொன்னார், நான் என்ன சொன்னேன், அடுத்தது என்ன என்பதோடு நிறுத்துங்கள். "பொறுப்பில்லாதவர்", "பொய் சொல்கிறார்" போன்ற சொற்கள் வேண்டாம். அந்தக் குறிப்பைச் சம்பந்தப்பட்டவரே கோர்ட்டில் படிக்கும் நாள் வரலாம்.

ரகசியம் விளையாட்டில்லை. வருமான வரித் துறையிலிருந்து வரும் தகவலை வேலைக்குத் தேவையில்லாமல் திறந்து பார்த்தாலே குற்றம். தெரிந்தவர் பெயர் கேஸில் வந்தால் உடனே மேலாளரிடம் சொல்லி விலகிக்கொள்ளுங்கள். தமிழர்கள் அதிகம் இருக்கும் ஊரில் இது கட்டாயம் வரும். கோயிலிலோ தமிழ்ப் பள்ளியிலோ ஒருவர் வந்து, "அவங்க கேஸ் என்ன ஆச்சு?" என்று கேட்பார். கேஸ் இருக்கிறது என்றுகூட நீங்கள் ஒப்புக்கொள்ளக் கூடாது.

இந்தியாவோடு தொடர்புள்ள கேஸ்

இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருவதால் தனியாகச் சொல்கிறேன். பிள்ளையும் அம்மாவும் சென்னைக்குப் போய்விட்டார்கள், அப்பா இங்கே வேலையில் இருக்கிறார் என்றால், கலிபோர்னியா ஆர்டர் கையில் இருக்கும்வரை அவர் சம்பளத்தில் பிடிக்க வழி இருக்கிறது. தலைகீழாக, அப்பா வேலையை விட்டு இந்தியா போய்விட்டால் கை எட்டாது. பிள்ளை பராமரிப்புத் தொகைக்கான 2007 ஹேக் ஒப்பந்தம் அமெரிக்காவில் 2017 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது, அதில் இந்தியா இல்லை. அங்கே போய்த் தனியாக வழக்குப் போட வேண்டியதுதான். அவர் போகப் போகிறார் என்று தெரியவந்தால், போவதற்கு முன்னால் அம்மா உங்களிடம் சொல்ல வேண்டும். அதை முதல் பேச்சிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கேஸை மூடும்போது

பிள்ளைக்கு 18 ஆனதும் மாதத் தொகை நிற்கும். திருமணமாகாமல் முழுநேரம் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தால் பள்ளி முடியும்வரை அல்லது 19 வரை, எது முதலில் வருகிறதோ அதுவரை. பழைய நிலுவை இருந்தால் கேஸ் மூடாது, நிலுவை தீரும்வரை பிடித்தம் தொடரும். எதுவும் பாக்கி இல்லை என்றால், முதலாளிக்கு நிறுத்தக் கடிதத்தை அன்றே அனுப்புங்கள். இதை மறந்தால் கூடுதலாகப் பிடித்த பணத்தைத் திருப்பி வாங்க அவர் மாதக்கணக்கில் உங்களைக் கூப்பிட வேண்டியிருக்கும். அடுத்த சம்பள நாள் கழிந்ததும் திரையைத் திறந்து, பிடித்தம் உண்மையிலேயே நின்றுவிட்டதா என்று ஒருமுறை பாருங்கள். நின்றிருந்தால் குறிப்பு எழுதி மூடலாம்.